அஞ்சலையின் விரல்கள்

அஞ்சலையின் விரல்களைக் கெடுத்தவன் நான்தான். நோயுமில்லை, விதியுமில்லை... நான்!

போன வாரம் என் கடைவாய்ப் பல்லை எக்ஸ்ரே எடுத்த பெண், "பயப்படாதீங்க அங்கிள், எப்பவாவது எடுத்தா ஒன்னும் ஆகாது. நாங்க தினமும் எடுக்கிறோம், அதான் வெளிய போயிடுறோம்" என்றாள். உண்மையைத்தான் சொன்னாள்.

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலம். பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு பல் மருத்துவமனையில் நான் எக்ஸ்ரே எடுத்தேன். அஞ்சலை கருவிகளைக் கழுவுவாள். எனக்குத் தொழில் சொல்லித்தந்த டாக்டர் ஜப்பான்காரனுக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடுமுன் எச்சரித்திருந்தார்: வாய்க்குள் வைக்கும் பிலிமை நோயாளியேதான் பிடிக்க வேண்டும். தினமும் பிடிக்கிறவன் விரல் எக்ஸ்ரே கதிர் பட்டு வெந்து புண்ணாகிவிடும்.

ஆனால் ஜப்பானிய அதிகாரிகள் தங்கள் வாயில் தாங்களே விரல் விடுவார்களா? பிடிக்கச் சொன்ன எனக்குக் கன்னத்தில் அறைதான் கிடைத்தது. அஞ்சலையைக் கூப்பிட்டேன்.

"சும்மா பிடி லா, ஒன்னும் ஆகாது."

சொல்லிவிட்டு நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்!

மாதங்கள் போயின. அவள் நகம் கறுத்தது, தோல் வெடித்தது. "ஏங்க இப்படி ஆவுது?" என்றாள்.

"கழுவுற மருந்துத் தண்ணி ஒத்துக்கல போல."

பச்சைப் பொய்! ஏன் சொன்னேன்? என் விரலுக்குப் பயந்தா? ஆம். அது மட்டுமா...? எனக்கென்று ஒருவருமில்லாத ஊர் அது. அவித்த மரவள்ளிக்கிழங்கை நீட்டி, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டவள் அவள் ஒருத்திதான். உண்மை தெரிந்தால் போய்விடுவாளே! அந்த ஒரு கேள்விக்காக அவளைக் கதவுக்கு அந்தப் பக்கம் நிறுத்தி வைத்தேன். கேவலம்!

ஒருநாள் அவளால் விரலை மடக்கவே முடியவில்லை. "பரவால்லங்க, இடது கையால பிடிக்கிறேன்" என்றாள்.

வேண்டாம் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம்... "சரி" என்றேன்.

சண்டை முடிந்ததும் கோத்தா திங்கிப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டாள். சில வருடங்களில் அவள் விரல்களை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். முதலில் வலக்கையில், பிறகு இடக்கையிலும். உண்மையைச் சொல்லிவிடத்தான் பஸ் ஏறினேன், நம்புங்கள்!

என்னைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. "சாப்பிட்டீங்களா?" என்றாள். பிறகு என் கைகளைக் கவலையோடு பார்த்தாள்.

"அந்த மருந்துத் தண்ணியில நீங்க கை வச்சிடாதீங்க."

சரி என்று தலையாட்டினேன்.