சாத்தாங்காட்டில் பூசணி உடைத்தோம், எண்ணூரில் வண்டி வாங்கினோம்

நான் ஐந்தாவது வரை படித்தவள். நோட்டில் எழுதிக் கொடுத்தேன், என் மகள் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள். பழைய பக்கெட் வண்டி வாங்க நினைத்து வடசென்னைப் பக்கம் வருகிறவர்களுக்கு இது உதவும். பக்கெட் வண்டி என்றால், லாரி முதுகில் இரும்புக் கை மடங்கி இருக்கும். அதன் நுனியில் ஒரு தொட்டி. ஆள் தொட்டியில் நின்றால் நாற்பது அடி உயரம் தூக்கிக்கொண்டு போகும். தெருவிளக்கு வேலைக்கு அதுதான் சரி.

என் வீட்டுக்காரர் ஏழுமலை தெருவிளக்குக் காண்டிராக்ட் எடுத்துச் செய்தார். மினி டெம்போ மேல் மூங்கில் ஏணி கட்டி, அதில் ஏறித்தான் இருபது வருஷம் வேலை. போன மாசி மாதம் மணலி ரோட்டில் ஏணி சறுக்கி விழுந்தார். நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார். கீழே ஏணிக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தவர் தாஸ். என் வீட்டுக்காரருக்கு எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே கூட்டாளி. என்னை அண்ணி என்பார். விழுந்த நாளைப் பற்றி தாஸும் பேசுவதில்லை, நானும் கேட்டதில்லை.

காண்டிராக்ட் இன்னும் ஒரு வருஷம் இருந்தது. தாஸோடு சேர்த்து மூன்று பேர் அதை நம்பி இருக்கிறார்கள். மறுபடி ஏணியில் ஒருவர் ஏறுவதை நான் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவர் இறந்ததற்கு வந்த பணம் நாலரை லட்சம். அதற்குள் வண்டி கிடைத்தால் தொழில், இல்லாவிட்டால் காண்டிராக்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. இந்த முடிவோடுதான் தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பினோம்.

புளியந்தோப்பு வீட்டிலிருந்து காலை 7.40க்குப் புறப்பட்டோம். அதே டெம்போ. ஏணியை மட்டும் அவிழ்த்து மாட்டுக் கொட்டகையில் போட்டிருந்தார்கள். டிரைவர் கபாலி பக்கத்தில் நான், பின்னால் தாஸ், அவர் மடியில் ஒரு திருஷ்டிப் பூசணிக்காய். "இன்னாத்துக்குய்யா இப்பவே பூசணி?" என்றேன். "பத்தரைக்கு ராகு காலம் அண்ணி. அதுக்குள்ள முடிச்சி பூசை போட்டுர்லாம்" என்றார்.

சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் மீட்டர்படி 11 கிலோமீட்டர். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றதால் 50 நிமிஷம் ஆனது. நீங்கள் போனால் ஏழு மணிக்கு முன்னால் போங்கள். திருவொற்றியூர் வரை பஸ், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் ஐந்து ரூபாய் கொடுத்தும் போகலாம். பெண்களுக்கு ஒன்று சொல்கிறேன், அந்த மார்க்கெட்டில் ஒதுங்க இடம் கிடையாது. வீட்டிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். நான் டீ குடிக்காமல் இருந்தேன்.

மார்க்கெட்டில் ஒரு பட்டறையில் விலைக்கு நின்ற பக்கெட் வண்டி பளபளவென்று இருந்தது. மஞ்சள் பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. விலை நாலு லட்சத்து ஐம்பதாயிரம். என் கையில் இருந்த அதே தொகை. தாஸுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணன் பாத்திருந்தா வுட்டிருக்க மாட்டாரு" என்று வண்டியை மூன்று சுற்று சுற்றினார்.

வண்டியை விற்பவர் பட்டறை முதலாளி, வெள்ளைச் சட்டைக்காரர். நான் முன்னால் போனதும் என்னைத் தாண்டி தாஸிடமே பேசினார். "தொட்டியில ரெண்டு சிமென்ட் மூட்டை ஏத்தி, முழு உயரம் தூக்கி, இன்ஜினை நிறுத்துங்க. அரை மணி நேரம் அப்படியே நிக்கணும்" என்றேன்.

"வண்டி வாங்க வந்தியா, சம்பந்தம் பேச வந்தியாம்மா? பொண்ணக்கூட இவ்ளோ நேரம் நிக்கவச்சிப் பாக்க மாட்டாங்க" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"பொண்ணு மேல ஆள் ஏறி பல்பு மாட்டப் போறதில்லியே" என்றேன். அதற்கும் சிரித்தார்கள். ஆனால் மூட்டையை ஏற்றினார்கள்.

பத்து மணிக்குத் தொட்டி மேலே நின்றது. தொட்டியில் முன்பே கட்டி விட்டிருந்த நூல் கீழே தொங்கியது. அதன் நுனியில் என் வீட்டுக்காரரின் பித்தளைத் தூக்குக்குண்டு. கம்பம் நேராக நிற்கிறதா என்று பார்க்க அவர் வைத்திருந்தது. தரைக்கும் குண்டுக்கும் நாலு விரல் இடைவெளி விட்டேன். எண்ணெய் அழுத்தம்தான் இந்தக் கையைத் தாங்குகிறது. உள்ளே எங்கேயாவது கசிந்தால் கை மெல்ல இறங்கும், கண்ணுக்குத் தெரியாது. குண்டுக்குத் தெரியும். கிரேன் வேலை பார்த்த ஒருவர் என் வீட்டுக்காரருக்குச் சொல்லிக் கொடுத்ததை, அவர் சாப்பிடும்போது எனக்குச் சொன்னார். அப்போது காதில் பாதிதான் போட்டுக்கொண்டேன். பக்கெட் வண்டி வாங்க வேண்டும் என்பது அவருக்குப் பத்து வருஷ ஆசை.

தாஸால் பொறுக்க முடியவில்லை. கை மேலே நின்றதுமே சந்தனம் குங்குமத்தை எடுத்துக்கொண்டு பம்பர், விளக்கு, சக்கரம் என்று பொட்டு வைத்தார். வண்டி முதுகில் ஏறி, கையைத் தூக்குகிற எண்ணெய்க் குழாயிலிருந்து நீண்டிருக்கும் வெள்ளி நிறத் தண்டுக்கும், குழாய் வாயை ஒட்டி ஒரு பொட்டு வைத்தார். பத்து இருபதுக்கு எல்லாரும் வண்டி முன்னால் கூடினார்கள். முதலாளி என்னைப் பார்த்து, "நீ கொஞ்சம் அப்பால நில்லும்மா, சூடம் கொளுத்துறாங்க" என்றார். எதற்குச் சொல்கிறார் என்று தெரியும். நான் வண்டிக்குப் பின்பக்கம் போனேன். தாஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

அங்கே நின்றதால்தான் பார்த்தேன். முன்னால் பூசணி உடைகிற சத்தம் கேட்டது. என் காலடியில் தூக்குக்குண்டு தரையில் படுத்திருந்தது. நூல் தொய்ந்திருந்தது.

"தாஸு, இங்க வாப்பா."

வந்தவர் குனிந்து நூலைத் தொட்டுப் பார்த்தார். முதலாளி அசரவில்லை. "நூல் இழுத்துக்கினு கீதும்மா. வெயில்ல நூல் இழுக்கும், யார வேணா கேளு."

நூல் இழுக்கும்தான். நான் வண்டி முதுகில் ஏறி அந்தத் தண்டைப் பார்த்தேன். சந்தனம் குழாய் வாயில் வழிந்திருந்தது. குங்குமத்தைக் காணோம். தண்டு உள்ளே போகப் போகப் பொட்டையும் முழுங்கிவிட்டது.

"நூல் இழுத்திச்சி சரி. பொட்டு எங்க போச்சி?" என்றேன்.

முதலாளி உடைந்து கிடந்த பூசணியைக் காட்டினார். "சூடம் கொளுத்தி பூசணி ஒட்ச்சாச்சி. இப்ப வண்டி உன்னுது. பூசை போட்ட வண்டிய வுட்டுட்டுப் போனா குடும்பத்துக்கு ஆவாது. அப்பறம் உன் இஷ்டம்."

எங்கள் பக்கம் அது பெரிய பேச்சு. பூசணி உடைத்த வண்டியை யாரும் விட்டுவிட்டு வரமாட்டார்கள். கபாலி பயந்துவிட்டான். தாஸ் என் பக்கத்தில் வந்து, "நாந்தான் அண்ணி அவசரப்பட்டேன். வாங்கி ரிப்பேர் பண்ணிக்கலாமா? வாஷர் மாத்தினா போதும்னு நெனக்கிறேன்" என்றார்.

"ஆவாதது எல்லாம் எங்க குடும்பத்துக்கு ஏற்கெனவே ஆயிட்சி" என்றேன். "வா போலாம்." நஷ்டம் பூசணிக்காய்க்குக் கொடுத்த இருபது ரூபாயோடு போயிற்று.

சாத்தாங்காட்டிலிருந்து எண்ணூர் 8 கிலோமீட்டர். எர்ணாவூர் வழியாகப் போக வேண்டும். பதினொன்றேகாலுக்குப் போய், ராகு காலம் முடியட்டும் என்று தாஸுக்காகவே ரோட்டோரக் கடையில் உட்கார்ந்தோம். மீன் குழம்போடு சாப்பாடு 25 ரூபாய். நன்றாக இருந்தது. தாஸ் சோற்றைப் பிசைந்தாரே தவிர சாப்பிடவில்லை.

அங்கே இப்ராஹிம் பாய் என்பவரிடம் ஒரு வண்டி. பார்க்கவே பேஜாராக இருந்தது. பெயின்ட் உரிந்து, தொட்டி ஒரு பக்கம் நசுங்கி. ஆனால் உரிந்திருந்ததால் இரும்பு கண்ணுக்குத் தெரிந்தது. கடல் காற்றில் அங்கங்கே துரு பிடித்திருந்தது, அவர் மறைக்கவில்லை. நான் கேட்கும் முன்பே, "தொட்டியில வெயிட்டு ஏத்தி நிக்கவச்சிப் பாரும்மா. நானும் அப்டிதான் வாங்கினேன்" என்றார். ஒரு மணி நேரம் நிற்க வைத்தோம். குண்டுக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரல் அப்படியே இருந்தது. தண்டில் பொட்டுக்குப் பதில் பாயே சாக்பீஸால் கோடு போட்டார். அதுவும் நகரவில்லை. நாலு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் சொன்னார், நாலு இருபதில் முடிந்தது.

பணம் கொடுப்பதற்கு முன்னால் ஆள் ஏறிப் பார்க்க வேண்டும். தாஸ் தொட்டியில் கால் வைத்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"நான் ஏர்றேன்."

"இன்னா அண்ணி வெள்ளாடுறியா? நீ ஏறி உனுக்கு எதுனா ஆச்சின்னா?"

"நீ ஏறி எதுனா ஆச்சின்னா, உன் பொண்டாட்டி மூஞ்சில நான் எப்டி முழிப்பேன்?"

அந்தக் கேள்வியை ஒரு வருஷமாக அவர் என்னைப் பார்த்து மனதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார் போல. வழி விட்டுவிட்டார்.

வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். புதுப் பெயின்ட் அடித்த வண்டி என்றால் கையின் அடிப்பக்கம், வெல்டிங் ஓரம், சாவியால் சுரண்டிப் பாருங்கள். துறைமுகப் பக்கம் ஓடிய வண்டி என்றால் கட்டாயம். லாரி சாயாமல் இருக்கப் பக்கவாட்டில் இருக்கும் ஜாக்கி கால் நாலும் முழுதாக இறங்கித் தரையில் ஊன்ற வேண்டும். ஆர்.சி. புத்தகம், எப்.சி., இன்ஷூரன்ஸ் மூன்றையும் அங்கேயே வாங்கிப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள், அதில் வெட்கம் இல்லை. பெயர் மாற்ற எங்களுக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. நல்ல நேரம் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. சோதனை முடிந்த பிறகு பாருங்கள். பூசணிக்காயை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

மேலே போனபோது எப்படி இருந்தது என்று மகள் இதைத் தட்டும்போது கேட்டாள். கடல் தெரிந்தது. புகைபோக்கிகள் தெரிந்தன. காற்று பலமாக இருந்தது, முந்தானையைத் தொட்டிக் கம்பியில் கட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றேன். பிறகு கீழே பார்த்தேன்.

பக்கெட் வண்டியின் ஜாக்கி காலை யாரும் பிடிக்க வேண்டியதில்லை. அது தானே ஊன்றி நிற்கும். ஆனால் தாஸ் அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அண்ணாந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தரையில் கால் வைக்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை.