கை தூக்காத பெண்கள்

எங்கள் ஆலைச் சங்கத்தின் தலைவர் கைக்குழந்தைக்காரிகளை ஏமாற்றினார். நான் டெல்லியில் இருந்த நேரம் பார்த்து ஏமாற்றினார்.

நான் ஹனூர்ப் பக்கம் காடு கழனியில் கூலி வேலை செய்தவள். மைசூருக்கு வந்து, பட்டுக்கூட்டை வெந்நீர்த் தொட்டியில் போட்டு இழை எடுக்கும் ஆலையில் சேர்ந்தேன். கைக்குழந்தைக்காரிகள் வேலைக்கு நடுவே வாசலுக்குப் போய், வீட்டார் தூக்கிவரும் குழந்தைக்குப் பால் கொடுத்துவர விடவேண்டும் என்று ஆலையை நிறுத்தினோம். வென்றோம். அந்தப் பெயரில்தான் கட்சி என்னைத் தேர்தலில் நிறுத்தியது, பாராளுமன்றத்துக்குப் போனேன்.

என்னை டெல்லிக்கு ரயிலேற்றிவிட்டவர் சங்கத் தலைவர்தான். மைசூரில் மண்டி மொஹல்லா என்ற பேட்டையில் வக்கீல். "நீ டெல்லியைப் பாரும்மா, ஆலையை நான் பாத்துக்கறேன்" என்றார். நம்பினேன்.

கூட்டத்தொடர் முடிந்ததும் ஸ்டேஷனிலிருந்து நேராக ஆலைக்குப் போனேன். பால் கொடுக்கும் நேரம். வாசலில் குழந்தைகள் கத்துகின்றன, ஒருத்தியும் வெளியே வரவில்லை. வேலை முடிந்து சங்கு ஊதியபின் வந்த ஒருத்தியை நிறுத்தினேன். ரவிக்கை பால் கசிந்து நனைந்து கிடந்தது.

"ஏம்புள்ள, யாரு நிறுத்துனது?"

"நம்ம சங்கந்தானுங்க்கா. தலைவரு மொதலாளியோட உள்ள வந்தாரு. பால் நேரத்த விட்டுக்குடுத்தா ஆரையும் வேலைய விட்டு அனுப்பமாட்டாங்களாமா. இதுக்குச் சம்மதமில்லாதவங்க கையத் தூக்குங்கன்னாரு."

"தூக்கறதுக்கென்ன?"

"எப்படீங்க்கா தூக்கறது? ரெண்டு கையும் தொட்டிக்குள்ள. எடுத்தா இழை அந்துபோகும், மேஸ்திரி வெளிய தள்ளுவான். டெல்லிக்குப் போயி அதுகூட மறந்துபோச்சாக்கும்!"

அந்தக் குத்தல் எனக்கு வேண்டியதுதான். அப்படியே தலைவர் வீட்டுக்குப் போனேன்.

"ஒரு கைகூட எழும்பலையேம்மா. எல்லாருக்கும் சம்மதம். நீ இப்ப எம்.பி. இந்தச் சின்ன விஷயம் உனக்கெதுக்கு?"

"உங்க வீட்டுக் கொழந்த பசிச்சு அழுதா எந்த மொதலாளியக் கேட்டுப் பால் குடுக்கறீங்க?" என்றேன். அவர் மனைவி உள்ளே சிரித்தது கேட்டது. அவர் கதவைக் காட்டினார்.

இதைப் பற்றி வெளியே வாயைத் திறந்தால் அடுத்த தேர்தலில் இடம் கிடையாது என்று கட்சி சொல்லி அனுப்பியது. திறந்தேன். இடம் கிடைக்கவில்லை. போகட்டும். ஆனால் அது பெண்கள் ஒருமனதாக எடுத்த முடிவு என்று அவர் இன்னும் மேடையில் சொல்லித் திரிகிறார்.

தலைவரே, சங்கு ஊதும்வரை நீங்கள் ஏன் பொறுக்கவில்லை? முதலாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏன் கேட்டீர்கள்? என்னிடம் சொல்ல வேண்டாம். அதே மேடையில், அந்தப் பெண்கள் முன்னால், மைக்கைப் பிடித்துப் பதில் சொல்லுங்கள்.