பிழை தீராத புரோகிராம்

இன்று காலை அலுவலகக் கணினி ஒரு பெட்டியைத் திறந்து கேட்டது: இந்தச் செயலி பழைய வடிவத்தில் இருக்கிறது, புதியதற்கு மாற்றவா? பக்கத்து மேசைப் பெண் வாசிக்காமலே ‘ஆம்’ அழுத்திவிட்டாள். என் கை மட்டும் மவுசை விட்டு எழும்பிவிட்டது. சிரிப்பீர்கள். அந்தக் கேள்வியை மாதக்கணக்கில் இழுத்தடித்தவன் நான்.

போரின் கடைசி வருடங்கள். கண்டியில், சந்தைக்குப் பின்னால், கருவாட்டு வாசம் படியேறி வரும் ஒரு மாடியில் எங்கள் கம்பனி. கம்பனி என்றால் மூன்று கணினியும் நாலைந்து கதிரையும். முதலாளி திகனக்காரர், ஹாஜியார் என்போம். மருந்து மொத்த வியாபாரிகளுக்கு ஒரு புரோகிராம் விற்றுத்தான் எல்லோருக்கும் சோறு. அதை எழுதியவர் யாழ்ப்பாணத்துச் சிவநேசன் அண்ணன். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து இறங்கி வந்த நான் அவருக்கு உதவி. அவர் எழுதியதைக் கெடுப்பதே பெரும்பாலும் என் உதவி.

புதிய கணினிகளில் அது தடுமாறத் தொடங்கவே, முழுவதையும் புதிய தளத்துக்கு மாற்ற ஆரம்பித்தோம். மாற்றித் தரும் கருவி, தனக்கு விளங்காத வரிகளில் சிவப்புக் கோடு போட்டு நம் தலையிலேயே கட்டிவிடும். சிவப்பு ஏராளம்.

அந்த நேரம் பார்த்துக் கொழும்பில் குண்டு வெடித்தது. கண்டியிலும் தேடுதல். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம் என்று கண்டதும் அண்ணனை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஹாஜியார் பொலிசுக்கு ஓடினார். இந்த ஆள் இல்லாமல் வேலை முடியாது, மருந்துக் கடைகளெல்லாம் நின்றுவிடும் என்று மன்றாடினார். பொறுப்பதிகாரிக்கு அது கொஞ்சம் உறைத்தது. தெற்கே தடுப்பு முகாமுக்கு அனுப்பாமல் கண்டியிலேயே வைத்திருந்தார். ஹாஜியார் கிழமைக்குக் கிழமை போய் அதையே சொல்லுவார். அண்ணனுக்கு இன்னொரு கிழமை கிடைக்கும்.

அண்ணனின் மனைவி ஒருநாள் வந்தார். “தம்பி, அவரில்லாமல் ஏலாதெண்டு சொல்லுங்கோ. வேலையை முடிச்சுப் போடாதேங்கோ.”

“முடிக்க மாட்டேன் அக்கா. நீங்க தைரியமா போங்க,” என்றேன்.

ஆரம்பத்தில் நடிக்கத் தேவையே வரவில்லை. என் திறமை அப்படி. பிறகுதான் சங்கடம். ஒரு சிவப்பைத் தீர்த்தால், இன்னோரிடத்தில் ஒன்றை உண்டாக்கி வைப்பேன். வேலையைக் கெடுக்க இவ்வளவு கவனம் வேண்டுமென்று யார் கண்டது? வியாபாரிகள் தொலைபேசியில் திட்டினார்கள். ஹாஜியார் வாங்கிக் கட்டிக்கொண்டார். அவருக்கும் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

அப்போதுதான் அவருடைய தங்கச்சி மகன் கொழும்பிலிருந்து வந்தான். நல்ல பிள்ளை, மாமாவுக்கு உதவத்தான் வந்தான். கையில் அந்தக் கருவியின் புதிய பதிப்பு. நான் பகல் சாப்பாட்டுக்குப் போய் வருவதற்குள் சிவப்பெல்லாம் போயிருந்தது. மருந்தும் விலையும் புதுத் திரையில் பளிச்சென்று ஓடின. அன்று பின்னேரமே ஒரு கடையில் போட்டும் கொடுத்துவிட்டான். நான் ஹாஜியாரிடம் ஓடினேன்.

“இன்னும் முடியலைன்னே சொல்லுங்க ஹாஜியார்.”

“கடையில ஓடுதே மகன். பொலிஸ்காரங்க போய்ப் பாத்தா? எனக்கும் புள்ளைகுட்டி ஈக்கி.” அழுதுவிட்டார் மனிதர்.

மகிழ்ந்துபோன அந்த வியாபாரி தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் ஒரு தட்டு அனுப்பியிருந்தார். அது வந்த நேரம் பார்த்து அக்காவும் வந்தார். விஷயம் தெரியாத பையன் அவருக்கும் ஒரு துண்டைக் கோப்பையில் போட்டுக் கொடுத்தான்.

“என்ன விசேஷம் தம்பி?”

சொன்னேன். அக்கா கோப்பையை மேசையில் வைத்தார். “அப்ப இனி அவர் தேவையில்லையோ?”

அடுத்த கிழமை அண்ணனைத் தெற்கே கொண்டுபோனார்கள். முகாமில் விசாரித்தபோது அப்படியொருவர் வரவேயில்லை என்றார்கள்.

ஹாஜியார் மௌத்தாகிவிட்டார். மாடியில் இப்போது கைபேசிக் கடை. அண்ணன் எழுதிய ஒரு வரிகூட இன்று எங்கும் ஓடவில்லை. காணாமல் போனவர்களைத் தேடும் தாய்மார் கிளிநொச்சியில் தெருவோரம் உட்கார்ந்திருப்பதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அக்காவும் இருந்தார், மடியில் அண்ணனின் படம். கம்பனிச் சுற்றுலாவில் எடுத்தது. பக்கத்தில் நின்றவனை வெட்டி எடுத்திருக்கிறார்கள். அண்ணனின் தோளில் கிடக்கும் கை என்னுடையது.