ஸ்வெட்டருக்குள் ஒரு வாள்வீரன்

அக்குளில் வைத்து அழுத்திய அந்த ஜப்பான் விளையாட்டுப் பெட்டியின் சில்லிப்பு விலா எலும்புவரை இறங்கியது இன்றும் உடம்புக்கு நினைவிருக்கிறது. எண்பதுகளின் நடுவில், எனக்குப் பதினோரு வயதான கிறிஸ்துமஸ் விடுமுறையில், மதுரையிலிருந்து மலைமேல் செண்பகனூரில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அத்தை மகள் ஸ்டெல்லா, எனக்கு "மதினி" முறை, அதைக் கொண்டுவந்தாள். அவள் அப்பா சிங்கப்பூரிலிருந்து அனுப்பியது.

உள்ளங்கையளவு திரையில் ஒரு வாள்வீரன். ஒரு பொத்தானை அழுத்தினால் வெட்டுவான், இன்னொன்றுக்குக் குதிப்பான். ஒவ்வொரு வாசலைக் கடக்கும்போதும் சாவியோ கேடயமோ கிடைக்கும், ஐந்தாம் வாசலில் டிராகன் நிற்கும். எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி என்பதால் செத்துச் செத்துத்தான் விதிகளைக் கற்றோம். வகுப்பில் கை தூக்கவே பயப்படுகிற நான், பொத்தானில் விரல் வைத்ததும் யாரையும் கேட்காமல் வெட்டுகிறவளாகிவிடுவேன். அதுதான் அதன் மயக்கம். டிராகனை மட்டும் மதினியாலும் வெல்ல முடியவில்லை.

அவள் ஊருக்குக் கிளம்பும் நாள் காலை "வெள்ளனே" எழுந்து பார்த்தால் திரை வெளிறிக் கிடந்தது. எந்தப் பொத்தானுக்கும் வீரன் அசையவில்லை.

"நேத்து கடைசியா வெளையாண்டது நீதான? ஒடச்சிட்டியேடி, பயந்தாங்கொள்ளி!" என்று கத்தினாள் மதினி.

"ஒங்க அத்தைக்கு நான் என்னன்னு பதில் சொல்லுவேன்?" என்றார் அம்மா.

நான்தான் உடைத்தேனோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. செய்யாத தப்பையும் செய்திருப்போமோ என்று துருவிப் பார்ப்பது அன்றும் இன்றும் என் குணம். பெட்டியைக் கையில் வாங்கியபோதுதான் அதன் குளிர்ச்சி உறைத்தது. மார்கழிக் காலையில் பால்பாயிண்ட் பேனா எழுத மறுத்தால், பரீட்சைக்கு முன் அதை அக்குளில் வைத்துச் சூடேற்றுவது எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் வழக்கம். பெட்டியையும் ஸ்வெட்டருக்குள் செருகினேன்.

"என்னடி, அடை காக்குறியா?" என்று மதினி சிரித்தாள்.

கால் மணி கழித்து எடுத்தால், கறுப்புக் கோடுகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து, வீரன் வாளோடு நின்றான்.

"ராத்திரி இத எங்க வச்ச?" என்று அம்மா மதினியைக் கேட்டார்.

"சன்னல்ல... தொறந்து கெடந்துச்சு."

"நீயே ஆடு. வெரசா, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள் மதினி. நான்கு வாசல்களையும் தாண்டினேன். டிராகன் நெருப்பைக் கக்கிவிட்டு ஒரு நொடி தலையைத் தாழ்த்தியது. வெட்டினேன். பெட்டி அதுவரை நாங்கள் கேட்டிராத ஒரு மெட்டில் கீச்சிட்டது. "இவ டிராகனக் கொன்னுட்டா!" என்று மதினிதான் தெருவரை ஓடினாள்.

இன்று என் மகனிடம் இருக்கும் பெட்டியில் வண்ணம் இருக்கிறது, புரிகிற மொழி இருக்கிறது. தோற்றால் முதல் வாசலிலிருந்து தொடங்கும் கொடுமை இல்லை, கடைசி வாசலில் நடுங்கும் விரலும் இல்லை. கண் கெடுமோ, படிப்பு கெடுமோ என்று அரை மணிதான் அனுமதிக்கிறேன். அதுவும் அதிகமோ என்று தோன்றும். நேற்று நேரம் முடிந்தபோது அவன் ஒரு பூதத்திடம் நான்காவது முறையாகத் தோற்றிருந்தான்.

"நிறுத்து" என்று சொல்லத்தான் போனேன்.

"குடு, நான் காட்டுறேன்" என்றேன்.