பேத்தை தின்ற நாயும் தீவில் இருந்த டாக்டரும்

பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு கால்நடை மருந்தகத்துக்கு நான் டாக்டராக வந்த இரண்டாவது வருடம், மழை ஓய்ந்து பனி தொடங்கியிருந்த ஒரு வியாழக்கிழமை காலையில் நடந்தது இது.

எனக்குச் சொந்த ஊர் நாமக்கல் பக்கம். கடலையே கல்லூரிச் சுற்றுலாவில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். பழவேற்காட்டில் வேலை என்றதும் தோழிகள் எல்லோரும் கொடுத்து வைத்தவள் என்றார்கள். வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். பூநாரைகளைப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தேன். பூநாரைகளுக்கு என்னோடு பேச நேரமில்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

மருந்தகத்தில் நானும் ஓர் உதவியாளரும்தான். காலையில் ஆடு, எருமை, எப்போதாவது நாய். மாலையில் கதவைப் பூட்டிவிட்டு வாடகை மாடிக்குப் போனால் மறுநாள் காலை வரை பேச ஆள் கிடையாது. அம்மா தினமும் போன் செய்வார். வயிற்றுக்குள் குறுக்கே திரும்பிக் கிடந்த எருமைக் கன்றைத் தோள் வரை கைவிட்டுத் திருப்பி உயிரோடு எடுத்த அன்று, அதைச் சொல்ல ஆசையாக வாயைத் திறந்தேன். சோறு சாப்பிடுகிற நேரத்தில் இதையெல்லாம் ஏன் சொல்கிறாய் என்றார். அவர் மேல் தப்பில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. கூடப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் குட்மார்னிங்கும் டிரான்ஸ்பர் பேச்சும் சீமந்தப் படங்களும்தான் ஓடும்.

அப்போதுதான் கால்நடை மருத்துவர்களுக்கென்றே இருக்கிற ஓர் இணையதளத்தில் சேர்ந்தேன். பல நாட்டு டாக்டர்கள் அதில் தங்களிடம் வந்த கேஸ்களைப் பற்றிக் கேட்பார்கள், மற்றவர்கள் பதில் எழுதுவார்கள். பதிவு செய்த வகுப்புகளும் உண்டு. கேட்டு முடித்துக் கேள்விகளுக்குச் சரியாக விடை சொன்னால் சான்றிதழ் வரும். சாப்பிடும்போது எதிரே போனை நிறுத்திவைத்துக்கொண்டு குதிரைப் பல் வைத்தியம் முழுவதையும் கேட்டு முடித்தேன். எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஒரு குதிரைகூடக் கிடையாது. என் வேலையைப் பற்றி ஒரு மனிதக் குரல் பேசுகிறதே, அது போதும் என்றிருந்தது.

ஆனால் நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுதுவேன், திரும்பப் படிப்பேன், இதுகூடத் தெரியாதா என்று எவராவது சிரித்துவிட்டால் என்ன செய்வது என்று அழித்துவிடுவேன். இவ்வளவு பேர் கூடியிருக்கும் இடத்திலும் ஓரமாக நிற்கத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த வியாழக்கிழமை உதவியாளர் லீவு. தோணிரேவுப் பக்கமிருந்து ஓர் அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். மீன் அள்ளும் பிளாஸ்டிக் டப்பில் அவருடைய நாயைக் கிடத்திக் கொண்டுவந்திருந்தார். எனக்கு அவரை முன்பே தெரியும், வெறிநாய்க்கடித் தடுப்பூசி முகாமுக்கு இதே நாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர். நாயின் பெயர் டைகர். பெயரில் இருந்த கம்பீரம் உடம்பில் கிடையாது, விலா எலும்பை எண்ணிவிடலாம்.

அந்த அம்மா ஏரியில் இறங்கிக் கையாலேயே சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர். தண்ணீர் கழுத்து வரை வரும்படி குனிந்து போவார்கள், பிடித்ததைப் போடும் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். சேர்ந்து போகிற பெண்கள் அவ்வப்போது ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்வது வழக்கம். கலங்கல் தண்ணீரில் யாராவது பள்ளத்தில் சறுக்கிவிட்டால் பதில் சத்தம் வராது, அதை வைத்துத் தெரிந்துகொள்வார்கள். இவரோடு போய்க்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள். வீட்டுக்காரர் இல்லை, மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. அதனால் இவர் தண்ணீரிலிருந்து கூப்பிடுவார், கரையில் கூடவே நடந்து வரும் டைகர் குரைக்கும். அப்படித்தான் அவர் தினமும் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தார். முகாமில் அவர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"பேத்தைய துன்னுட்ச்சி டாக்டரம்மா. வலைக்காரங்க மண்ல பொதைச்சத தோண்டிட்ச்சி. நா தண்ணில கீறேன், கூப்புடறேன், சத்தமே இல்ல. கரைக்கு வந்து பாத்தா இப்டி கீது."

பேத்தை என்பது தொட்டால் பந்துபோல உப்பிக்கொள்ளும் நச்சு மீன். வலையில் வந்தால் கோழி, வாத்து தின்றுவிடாமல் மண்ணில் குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள். கரையில் பிறந்து வளர்ந்த நாய்கள் அதன் பக்கமே போகாது. டைகர் எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிகளுக்கு நடுவே அலைந்துகொண்டிருந்த குட்டி, மகள் வீட்டுக்குப் போனபோது இவர் தூக்கி வந்தது. அதற்கு மீன் என்றால் எல்லாம் மீன்தான்.

"பேத்தைய துன்னா மனுசனே தேற மாட்டான் மேடம். இட்டுகினு போவாத, பொதைச்சிடுன்னு எல்லாரும் சொன்னாங்கோ. இந்தம்மா எங்க கேக்குது" என்றார் ஆட்டோக்காரர். சொல்லிவிட்டு வாடகை வாங்காமலே போய்விட்டார்.

டைகரை மேசையில் தூக்கிப் போட்டேன். கால்கள் துணிபோலத் தொங்கின. கண் திறந்தபடி இருந்தது, இமைக்கவில்லை. ஈறு நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தது. மூச்சு இருக்கிறதா என்று கன்னத்தை மூக்கருகே வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. இதயம் மட்டும் ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது. கல்லூரியில் இந்த நஞ்சைப் பற்றிப் படித்ததில், முறிவு மருந்து கிடையாது என்பது மட்டும் பளிச்சென்று ஞாபகம் வந்தது. டிரிப் ஏற்றினேன். மூத்த டாக்டர் ஒருவருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. சென்னைக்குக் கொண்டுபோகலாம் என்றால் பொன்னேரி தாண்டும் வரைகூட அது தாங்காது.

அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிழைக்குமா என்று கேட்டிருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

போனை எடுத்து அந்த இணையதளத்தைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், எங்கே இருக்கிறேன், நாய் என்ன தின்றது, என்னிடம் என்னென்ன இருக்கிறது, என்னென்ன இல்லை என்று எழுதினேன். இந்த முறை திரும்பப் படிக்கவில்லை.

பதில் வரவில்லை. பார்த்தவர்களின் எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போனது. இத்தனை பேர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்களே என்று எனக்குக் கோபம் வந்தது. நானும் அத்தனை மாதமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்பது அப்போது தோன்றவில்லை. கடைசியில் ஒருவர் எழுதினார், செயற்கைச் சுவாசக் கருவி உள்ள மருத்துவமனைக்கு உடனே அனுப்புங்கள் என்று. போனைச் சுவரில் அடிக்கலாமா என்று இருந்தது.

அதற்குக் கீழே இன்னொருவர் வந்தார். எங்கோ ஒரு தீவில் இருக்கும் டாக்டர். மூச்சுக்குழாயில் செருகும் டியூப் இருக்கிறதா என்று கேட்டார். பயிற்சிக் காலத்திலிருந்து பையில் வைத்திருந்தது ஒன்று இருக்கிறது என்றேன். கையால் அழுத்திக் காற்று ஊதும் பை இருக்கிறதா? இல்லை. அடுத்து அவர் கேட்டது இது:

"உங்களுக்கு வாய் இருக்கிறது அல்லவா?"

டியூபைச் செருகி ஊதுங்கள், நஞ்சை முறிக்க வேண்டாம், அது தானாக உடம்பை விட்டுப் போகும், அதுவரை அந்த நாய்க்காக நீங்கள் மூச்சு விட்டால் போதும் என்று எழுதினார். நாயின் வாயைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள், வாந்தி உங்கள் மேல் படக்கூடாது. நாயால் இமைக்க முடியாது, கண் காய்ந்துவிடாமல் சொட்டு விடுங்கள். கடைசியாக, அது மயங்கிக் கிடப்பதாக நினைக்காதீர்கள், பெரும்பாலும் எல்லாம் அதற்குக் கேட்கும், பேசிக்கொண்டே இருங்கள் என்றார்.

டியூபைச் செருகி ஊதினேன். டைகரின் மார்பு மேலே எழுந்து இறங்கியது. இன்னொரு தடவை ஊதினேன். கொஞ்ச நேரத்தில் ஈறின் நீலம் வெளுத்து, மெல்லச் சிவந்தது. ஆனால் எனக்குத் தலை சுற்ற ஆரம்பித்துவிட்டது. தொடர்ந்து ஊதுவது பார்ப்பதற்குத்தான் லேசு.

"நவுருங்கோ, நா ஊதறேன். நீங்கோ போன பாருங்கோ" என்று அந்த அம்மா வந்தார். எப்படி என்று காட்டினேன். பறிக்கயிற்றைக் கடித்துக்கொண்டு மணிக்கணக்காகத் தண்ணீரில் மூச்சை அளந்து விட்டுப் பழகியவர். அவசரமே இல்லாமல் ஒரே சீராக ஊதினார். நாய்க்குக் காது கேட்கும், பேசலாம் என்று சொன்னதும் ஊதுவதை நிறுத்தாமல் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நான் ஊதும் முறை வந்தபோதெல்லாம் அதன் காதருகே குனிந்து, ஏரியில் நின்று கூப்பிடும் அதே இழுப்பில் கூப்பிட்டார்.

"டைகரூ... கீறியா..."

பதில் வராது என்று தெரிந்தேதான் கூப்பிட்டார். ஒவ்வொரு முறையும் கூப்பிட்டுவிட்டு, பதிலுக்கு விடும் இடைவெளியையும் விட்டார். என்னால் அந்த இடைவெளியைத் தாங்க முடியவில்லை.

தீவு டாக்டரும் கிட்டத்தட்ட அதையேதான் செய்துகொண்டிருந்தார். அங்கே அப்போது மாலை, அவர் வீட்டுக்குப் போக வேண்டிய நேரம் என்று பின்னால் தெரிந்தது. நடுவில் இதயத் துடிப்பு குறைந்தபோது எந்த ஊசி, எவ்வளவு என்று சொன்னார். மற்ற நேரமெல்லாம் அவர் எழுதியது ஒரே கேள்விதான். இன்னும் இருக்கிறீர்களா? இருக்கிறோம் என்று எழுதுவேன். நல்லது, நானும் இருக்கிறேன் என்பார்.

மத்தியானம் கரண்ட் போய் சிக்னலும் போய்விட்டது. நாங்கள் இருவரும் மாறி மாறி ஊதிக்கொண்டே இருந்தோம். யாரும் மதியம் சாப்பிடவில்லை. பார்க்க வந்த ஆட்டுக்காரர்கள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, செத்த நாய்க்கு டாக்டரம்மா ஊதுகிறார் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. எனக்கும் உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. எதற்காக இதைச் செய்கிறோம், நிறுத்திவிடலாமா என்று இரண்டு மூன்று முறை நினைத்தேன்.

சிக்னல் திரும்பியதும் போன் நிற்காமல் அதிர்ந்தது. திறந்து பார்த்தால், நான் இல்லாத நேரம் முழுவதும் அவர் அதே கேள்வியை எழுதியிருந்தார். இருக்கிறீர்களா? இருக்கிறீர்களா? ஒன்றன் கீழ் ஒன்றாகத் திரை முழுவதும் அதுதான். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து என்னை யாரும் அப்படித் தேடியதில்லை. அந்த அம்மா முன்னாலேயே தேம்பி அழுதுவிட்டேன். "இன்னாமா, பூட்ச்சா?" என்று அவர் பதறிப்போனார். இல்லை, இது வேறு என்று சொன்னேன்.

வெயில் சாய்கிற நேரத்தில் டைகர் கண்ணை இமைத்தது. முதலில் நம்பவில்லை. பிறகு நாங்கள் ஊதாத நேரத்தில் மார்பு தானாக ஒரு தடவை எழுந்தது. இருட்டுவதற்குள் டியூபைக் கடித்து இருமியது. உருவி எடுத்தேன். தானாக மூச்சு விடுகிறது என்று தீவுக்கு எழுதினேன். அவரிடமிருந்து, இப்போது நான் வீட்டுக்குப் போகலாமா என்று பதில் வந்தது.

அன்று இரவு நாயை மருந்தகத்திலேயே வைத்துக்கொண்டோம். மறுநாள் காலையில் அந்த அம்மா வெளியே அடிபம்பில் முகம் கழுவப் போனார். போனவர் பழக்கதோஷத்தில் அங்கிருந்து கூப்பிட்டார். உள்ளே தரையில் கிடந்த டைகர் தலையைத் தூக்கிக் கரகரவென்று ஒரு சத்தம் போட்டது. குரைப்பு என்று சொல்ல முடியாது. அவருக்கு அது போதுமாக இருந்தது. அடிபம்பு ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார், நெடுநேரம் எழுந்து வரவில்லை.

இணையதளத்தில் எல்லோரும் வாழ்த்தி எழுதினார்கள். எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்களும்தான். தீவு டாக்டரிடம் மட்டும் தனியாகக் கேட்டேன், இவ்வளவு சரியாக உங்களுக்கு எப்படித் தெரியும் என்று. என் சொந்த நாயும் இதே மாதிரி மீனைத் தின்றுதான் போயிற்று என்றார். அந்தத் தீவில் கால்நடை மருத்துவர் அவர் ஒருவர்தானாம். இதே தளத்தில் கேள்வி போட்டுவிட்டுக் காத்திருந்தாராம். சரியான பதில் வந்து சேர்ந்தபோது நாயைப் புதைத்தாயிற்று. அதிலிருந்து தினமும் கிளினிக்கைப் பூட்டும் முன்பு, யாரும் பதில் எழுதாத கேள்விகளை மட்டும் தேடிப் பார்ப்பாராம்.

என் சாயங்காலங்கள் இப்போதும் அப்படியேதான் இருக்கின்றன. மாடி வீடு, தனிச் சாப்பாடு, எதிரே போன். ஆனால் வகுப்பைப் போடும் முன்பு பதில் இல்லாத கேள்விகளைத் திறக்கிறேன். தெரிந்தால் எழுதுகிறேன். தெரியாவிட்டால், எனக்குத் தெரியாது, தெரிந்தவர் வரும்வரை கூட இருக்கிறேன் என்று எழுதுகிறேன். கேள்வியைப் போட்டுவிட்டு, உயிர் போய்க்கொண்டிருக்கும் ஒன்றின் பக்கத்தில் நின்று முதல் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் எவ்வளவு நீளமானது என்று தெரிந்த பிறகு, அந்த நேரத்தில் இன்னொருவரைத் தனியாக விட்டுவிட்டுப் போக என்னால் முடிவதில்லை.