ட்ரைவர் பக்கத்துச் சூடு

நாங்கள் வாங்கிய எஸ்யூவி புதியதல்ல. வேறொரு குடும்பம் சில வருடங்கள் ஓட்டியது. பின்சீட் இடுக்கில் அந்த வீட்டுப் பிள்ளை தின்ற பிஸ்கட் துகள்கூட அப்படியே கிடந்தது. பார்க்கப் போன அன்று நான் எஞ்சினையும் டயரையும் பார்த்தேன். மகள் ஃபோனை இணைக்கும் திரையைப் பார்த்தாள். மனைவி எதையும் பார்க்கவில்லை. கைகளை ஜாக்கெட்டுக்குள் விட்டபடி முன்சீட்டில் ஏறி இருந்து, "கெதியா முடிவெடுங்கோப்பா, குளிருது" என்றாள்.

விற்பவர் குனிந்து ஒரு பட்டனை அமத்தினார். கொஞ்ச நேரத்தில் அவளுடைய முகம் மாறியது.

"இஞ்சருங்கோ, இது சுடுது!"

காரில் ஏதோ பழுதென்று நான் பதறிப்போனேன்.

"இல்லையப்பா, நல்ல சூடு. இதையே வாங்குவம்."

அவள் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறாள். பாரமான சட்டிகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு நோவு. வீட்டுக்குள்ளேயே இரண்டு சோடி சொக்ஸ் போடுவாள். நான் பஸ் ஓட்டுகிறவன், ஜனவரியிலும் கண்ணாடியை இறக்கிவிடுகிற ஆள். பழைய காரில் அவள் ஹீட்டரைக் கூட்டுவாள், நான் குறைப்பேன். எங்கே போனாலும் அந்தச் சண்டையும் கூடவே வரும். புதுக் காரில் ஆளுக்கொரு பட்டன். அவள் பெல்ட் போடுவதற்கு முன்னால் சூட்டை முழுக்கக் கூட்டிவிட்டு, "ம்ம்" என்று ஒரு பெருமூச்சு விடுவாள். என் பக்கத்துப் பட்டனை நான் தொட்டதே இல்லை.

லண்டனின் இன்னொரு பக்கத்தில், எட்மண்டனில் அவளுடைய தங்கை வீடு இருக்கிறது. ஒருமுறை அங்கே போகப் புறப்பட்டபோது முன்சீட்டில் மாவுச் சட்டி இருந்தது, அவள் பின்னால் இருந்தாள். லண்டன் குளிரில் தோசை மாவு புளிக்காது என்பது அவளுடைய நீண்டகாலக் கவலை. சீட்டில் ஆள் இருப்பதாக நினைத்த கார் பெல்ட் போடச் சொல்லிக் கத்தியது. சட்டிக்குப் பெல்ட் போட்டுவிட்டுத்தான் நான் காரை எடுத்தேன். போய்ச் சேர்ந்தபோது சீட்டுச் சூட்டில் மாவு பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது.

அடுத்த குளிர் தொடங்கிய நேரம் அவளுடைய சீட் சுடாமல் போனது. கராஜ்காரர் எங்கள் ஊர்க்காரர். சீட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "முழங்காலை வைச்சு ஏறினனீங்களோ அக்கா?" என்று கேட்டார். பின்னால் கிடக்கும் சாமான் பைகளை எடுக்க ஒவ்வொரு முறையும் அவள் அப்படித்தான் ஏறுவாள். உள்ளே வயர் அறுந்துவிட்டதாம். பாகம் வரவழைக்க வேண்டும், நாள் எடுக்கும் என்றார். வரும் வழி முழுக்க அவள் அந்தப் பட்டனை அமத்தி அமத்திப் பார்த்தாள்.

ஞாயிறு காலைகளில் மகளுக்குக் கிங்ஸ்பரியில் பேட்மின்டன் பயிற்சி. பெற்றோர் உள்ளே நின்றால் அவளுக்கு வெட்கம். அதனால் நாங்கள் காருக்குள்ளேயே காத்திருப்போம். அன்று மனைவி கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு நடுங்கினாள்.

"என்ர சீட்டில வந்து இரும்" என்றேன்.

"அது ட்ரைவர் சீட்டல்லோ."

"கார் நிக்குதுதானே. ஒண்டையும் தொடாமல் இரும்."

இறங்கி இடம் மாறினோம். ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முதலில் நெளிந்தாள். சூடு ஏறியதும் சாய்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் அதுவே வழக்கமானது. மெல்ல மெல்லக் கேள்விகளும் வந்தன. இந்தத் தடி எதுக்கு? இந்த லைட் ஏன் எரியுது? பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டாள். நான் எத்தனையோ வருடமாகக் கார் ஓட்டப் பழகச் சொல்லியும், "வீட்டுக்கு ஒரு ட்ரைவர் காணும்" என்று தட்டிக்கழித்தவள் அவள்.

ஒரு ஞாயிறு யாரோ ஜன்னலில் தட்டினார்கள். கவுன்சில் சீருடை போட்ட ஒருவர். மனைவி கண்ணாடியை இறக்கினாள்.

"நீங்கள்தான் ட்ரைவரா?" என்று ஆங்கிலத்தில் மரியாதையாகக் கேட்டார்.

"யெஸ்" என்றாள் அவள்.

நின்றபடி எஞ்சினை ஓடவிடக்கூடாது, நிறுத்துங்கள் என்றார். அவளுடைய கை எங்கெங்கோ தேடியது. நான் எட்டி எஞ்சின் பட்டனை அமத்தினேன். அவர் நன்றி சொல்லி, கவனமாக ஓட்டிப்போங்கள் என்று அவளைப் பார்த்துச் சொல்லிவிட்டு நடந்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"என்னை ட்ரைவர் எண்டு நினைச்சிட்டார்" என்றாள்.

"நீர்தானே யெஸ் எண்டனீர்."

"உதில இருந்துகொண்டு இல்லையெண்டு சொல்ல ஏலுமே?"

அவளும் சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் முன்கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ, லைசன்சுக்கு எப்பிடி அப்ளை பண்ணுறது?"

நானே பழக்குவதாகச் சொன்னேன். வேண்டாமாம். "நீங்கள் பஸ் ஓடின பழக்கத்தில ஒவ்வொரு ஸ்டொப்பிலயும் நிப்பாட்டச் சொல்லுவியள்" என்றாள். தமிழ் பேசும் ட்ரைவிங் ரீச்சர் ஒருவரைத் தானே தேடிப் பிடித்தாள். அவள் வெங்காயம் வெட்ட, மகள் மேசையில் இருந்து தியரிப் பரீட்சைக் கேள்விகளைக் கேட்பாள். பிழையாகச் சொன்னால், "அம்மா, யூ ஜஸ்ட் கில்ட் எ சைக்கிளிஸ்ட்" என்பாள். "ஐயோ பாவம்" என்று உண்மையாகவே வருந்துவாள் இவள்.

ரீச்சர் வராத நாட்களில் பக்கத்தில் இருப்பது என் வேலை. ஒவ்வொரு சந்தியிலும் என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதிக்கும். "காலை மடக்கி வையுங்கோ. எனக்குப் பயம் வருது" என்று பார்வையை எடுக்காமலே சொல்லுவாள். இதற்கிடையில் பாகம் வந்து, கராஜ்காரர் மற்றச் சீட்டைத் திருத்திவிட்டார். இனி உம்மட பக்கமும் சுடும் என்றேன். "நல்லது, அதில நீங்கள் இருங்கோ" என்றாள்.

முதல் டெஸ்டில் ரவுண்டபவுட் சந்தியில் மாட்டிக்கொண்டு தோற்றாள். "எல்லாரும் அவசரமாப் போகினம், போகட்டுமெண்டு விட்டிட்டன்" என்றாள் வீட்டுக்கு வந்து. அன்று நான் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்தேன், அவள் குடிக்கவில்லை. இரண்டாவது டெஸ்டுக்குள் கோடை வந்துவிட்டது. நான் வேலையில் இருந்தேன். இடைவேளையில் ஃபோனைத் திறந்தால் மகள் அனுப்பிய படம்: பாஸான தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிச் சிரிக்கும் என் மனைவி. பக்கத்தில் இருந்த சக ட்ரைவர்கள் எல்லாருக்கும் காட்டினேன்.

இப்போது ஞாயிறுகளில் அவளும் மகளும் மட்டும்தான் போகிறார்கள். அவர்கள் தனியாகப் போன முதல் நாள் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மனைவிக்கு ஃபோன் எடுத்தேன். மகள்தான் பேசினாள். "அப்பா, அம்மா கார் ஓடுறா. டோன்ட் டிஸ்டர்ப்." பின்னால் இண்டிகேட்டர் டிக் டிக் என்று கேட்டது. அதோடு மனைவியின் குரலும்: "அரிசியைக் கழுவி வைக்கச் சொல்லு."

கழுவி வைத்தேன்.