கொள்ளிடத் திட்டில் கேட்ட அறிவிப்பு

இதைக் கேட்டு யாராவது சிரித்தால் மணிமேகலை சண்டைக்குப் போவதில்லை. எழுந்து உள்ளே போய்விடுவாள். அவ்வளவுதான். நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

போன ஆகஸ்ட், ஒரு ஞாயிற்றுக்கிழமை. கே.கே. நகரிலிருந்து கணவன் கலையரசன், ஐந்து வயது மகள் வைஷ்ணவி இருவரோடும் கிளம்பினாள். ஸ்ரீரங்கத்துக்கு அப்பால், கொள்ளிடத்தின் நடுவே ஒரு திட்டில் புதிதாகப் பூங்கா திறந்திருந்தார்கள். படகில்தான் போக வேண்டும். ராட்டினம், சறுக்குமரம், மூங்கில் தோப்பை ஒரு டிக்கெட்டுக்கு ஐந்து முறை மெதுவாகச் சுற்றிவரும் குட்டி ரயில். திருச்சியே திரண்டு வந்ததுபோல் கூட்டம்.

சரியாக 4:10. கலையரசன் பைகளோடு தோப்புக்கு அந்தப் பக்கம் நிழலில் உட்கார்ந்துவிட்டான். அவளுடைய போனும் அந்தப் பையில்தான். ரயிலுக்கு டிக்கெட் எடுக்க மணிமேகலை மகளின் கையை விட்டாள். டிக்கெட்டோடு திரும்பினாள்.

வைஷ்ணவி இல்லை.

குழாயடியில் இல்லை. சறுக்குமரத்தில் இல்லை. ரயில் அப்போதுதான் கிளம்பித் தோப்புக்குள் மறைந்திருந்தது.

"பச்சை கவுன் போட்ட பாப்பாவைப் பார்த்தீங்களா?"

கேட்டவர்கள் எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள். அப்போது ஒலிபெருக்கி இரைந்தது. கிர்ர்ர்...

"வைஷ்ணவிங்கற பாப்பா இங்க இருக்கா. அவங்க அம்மா படகுத்துறைக்கு வாங்க."

ஒரு பெண்ணின் குரல். போன உயிர் திரும்பி வந்தது. ஓடினாள். படகுத்துறையில் நீண்ட வரிசை. குழந்தை இல்லை.

4:25. கிர்ர்ர்...

"ராட்டினத்துக்குப் பின்னாடி வாங்கம்மா. அழுதுக்கிட்டே இருக்கா."

மூச்சிரைக்க ஓடினாள். ராட்டினத்துக்குப் பின்னால் வெறும் முள்வேலி. ஒரு விஷயம் அப்போதுதான் உறைத்தது. இவ்வளவு சத்தமான அறிவிப்புக்கு ஒருவர்கூடத் தலை நிமிரவில்லை. ஆனாலும் பெற்ற வயிறு அவளை யோசிக்க விடவில்லை.

4:40.

"மணிமேகலை..."

தன் பெயரை அங்கே அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"வேலியில சந்து இருக்கு. ஆத்துப் பக்கம் வா. தண்ணிகிட்ட நிக்கிறா. சீக்கிரம்..."

நுழைந்தாள். முள் கையைக் கிழித்தது. ஒரு செருப்பு சேற்றோடு போனது. கரையில் ஆளரவமே இல்லை. பழுப்புத் தண்ணீர் சுழித்து ஓடியது.

"வைஷு...! வைஷு...!"

"இன்னும் கொஞ்சம்..."

இப்போது இரைச்சல் இல்லை. குரல் தண்ணீருக்கு மேலிருந்து வந்தது.

முழங்கால்.

"இன்னும்..."

இடுப்பு.

"வா..."

மார்பு.

பின்னாலிருந்து ஒரு கை அவள் கொண்டையைப் பிடித்து இழுத்தது.

படகுக்காரர் மருதை. கரையோரமாகப் படகை ஓட்டி வந்தவர், அவளைப் பார்த்ததும் குதித்திருக்கிறார்.

"என்னம்மா காரியம் பண்றீங்க? அடுத்த அடியில மணல் அள்ளின பள்ளம். ரெண்டு ஆள் ஆழம்!"

"மைக்ல கூப்பிட்டாங்கண்ணே... எம் பொண்ணு..."

மருதை அவளையே பார்த்தார்.

"இந்தத் திட்டுல மைக்கே கிடையாதும்மா."

நனைந்த மஞ்சள் புடவையோடு அவளை ரயிலடிக்குக் கூட்டி வந்தபோது மணி 5:05. அப்போதுதான் வந்து நின்ற ரயிலிலிருந்து வைஷ்ணவி குதித்து இறங்கினாள். தனியாக. சிரித்துக்கொண்டே. மணிமேகலை மகளைக் கட்டிக்கொண்டு கதறினாள். கலையரசன் ஓடி வந்தான். அவளைப் பார்த்தான், ரயிலைப் பார்த்தான். கையிலிருந்த போனைச் சட்டென்று சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

மறுநாள் காலையில் தன் போனை அவளிடம் நீட்டினான்.

"நேத்தே காட்டியிருக்கணும். பயமா இருந்துச்சு."

நிழலில் உட்கார்ந்தபடி அவன் எடுத்த வீடியோ. நேரம் 4:47.

மூங்கில்களுக்கு நடுவிலிருந்து ரயில் வருகிறது. வைஷ்ணவி அப்பாவைப் பார்த்துக் கையாட்டுகிறாள். பக்கத்தில், அவள் தோளை அணைத்தபடி மணிமேகலை உட்கார்ந்திருக்கிறாள். அதே மஞ்சள் புடவை. அதே கொண்டை. அதே முகம்.

ஆனால் அவள் கேமராவைப் பார்க்கவில்லை. ஆற்றுப் பக்கம் திரும்பியிருக்கிறாள்.

உதடுகள் மட்டும் அசைகின்றன.

வா... வா...